மாப்பிள்ளை கை நனைத்தாரா?

பசியில் கண் இருட்டிப்போன ஒரு மாப்பிள்ளை சமையற்கட்டு வாசலில் நிற்கிறார். உள்ளே கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறது. அடுத்து என்ன நடந்தது?

தெரியாது. பக்கத்தைக் காணோம்!

போன மாதம் முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். நம்மாளு — இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கணவரை நன்றாகத் தெரியும், புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன், அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் அது — தட்டின் முன்னால் உட்கார்ந்தால்கூட, "பாவம், அந்த ஆளு சாப்பிட்டானா இல்லியா?" என்று கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார். நான் சாப்பிட்டேனா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

விழுப்புரத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி செல்வம் என்று ஒரு தம்பி அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை அடித்துச் சம்பாதிப்பதையெல்லாம் பழைய புத்தகங்களை மறுபதிப்புப் போட்டுத் தொலைப்பது அவர் வழக்கம். அவர் மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை. அதனாலேயே ஒவ்வொரு புத்தகத்தையும் அவருக்கே சமர்ப்பணம் செய்துவிடுவார்.

அந்தச் செல்வம் ஒரு நாள் காலையில் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"அக்கா, மல்லாட்டை புக்கைப் போடப் போறேன்!"

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. அதையே புனைபெயராக வைத்துக்கொண்டு எழுதியவர் கோதண்டம். அந்தக் காலத்தில் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் எடைக் குமாஸ்தா. பகலெல்லாம் மூட்டையை நிறுப்பார், மூட்டை வராத நேரத்தில் மனிதர்களை நிறுப்பார். எழுதியது ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு — 'தராசுத் தட்டில் தவளை'. அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன் நிறுத்தினார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எழுதிய வரையில்... படித்துவிட்டு நான் சோபாவிலிருந்து சிரித்துச் சரிந்து விழுந்த கதைகள் அதில் இருக்கின்றன.

ஒரு கதையில், பாகப்பிரிவினை வழக்குப் போட்ட இரண்டு பங்காளிகள் பிரம்மதேசம் கோயில் கல்வெட்டில் தங்கள் முப்பாட்டன் பெயர் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பிப் போகிறார்கள். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவரை ஆளுக்கு ஒருவராக அழைத்துப் போகிறார்கள். ஒருவர் படித்தால் அண்ணன் பக்கம் நிலம், இன்னொருவர் படித்தால் தம்பி பக்கம். கடைசியில் உண்மையாகவே படிக்கத் தெரிந்த ஒருவர் வந்து பார்த்தால், கோயில் விளக்குக்கு ஆடு கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கொடுக்காமல் போன யாரோ ஒருவரைப் பற்றிய கல்வெட்டு அது. "அப்படின்னா நிச்சயம் எங்க முப்பாட்டன்தான்!" என்று இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சமாதானமாகப் போகிறார்கள்.

இப்படி ஒரு மனிதரை மறந்துவிட்டோமே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. சந்தோஷமாக முன்னுரை எழுத ஒப்புக்கொண்டேன். விழாவுக்கு மண்டபமும் பேசியாகிவிட்டது.

சிக்கல் கடைசிக் கதையில்.

கதையின் பெயர் 'பஸ் வரும் வரை'. திருவெண்ணெய்நல்லூரிலிருந்து ஒரு குடும்பம் திண்டிவனத்துக்குப் பெண் பார்க்க வருகிறது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன், இரண்டு அத்தைகள். வந்தார்கள், பார்த்தார்கள், பஜ்ஜி தின்றார்கள், காபி குடித்தார்கள். பஜ்ஜி, காபி வரை குற்றமில்லை. ஆனால் சம்மதம் சொல்வதற்கு முன்னால் பெண் வீட்டுச் சோற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது. கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். இது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம்.

அன்றைக்கென்று பேய்மழை. ஓடையில் தண்ணீர் வந்து பஸ் நின்றுவிட்டது. மத்தியானம் ஆகிறது. சமையற்கட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறது. சம்பந்தத்தில் இஷ்டமில்லாத தாய்மாமனோ, "எங்களுக்குப் பசியே இல்லீங்க" என்று எல்லார் வயிற்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு அத்தை, தீர்ந்துபோன பஜ்ஜித் தட்டில் ஒட்டியிருந்த கடலைமாவுத் தூளை விரலால் தொட்டுத் தொட்டு வாயில் வைத்துக்கொள்கிறார்.

"மாப்பிள்ளை மெதுவாக எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி சமையற்கட்டுப் பக்கம் போனான்..."

அவ்வளவுதான். அடுத்த பக்கம் இல்லை.

செல்வத்தின் கையில் இருந்தது பழைய புத்தகக் கடை அலமாரியில் கிடந்த பிரதி. சரி, கிழிந்திருக்கும். நூலகத்தில் தேடினார். அங்கே ஒரு பிரதி இருந்தது. அதிலும் அதே பக்கம் இல்லை. மேல்சித்தாமூரில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், வாங்கிய புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டுப் பொட்டு வைத்துப் பாதுகாப்பவர். "என்கிட்ட முழுசா இருக்கு, வாங்க" என்றார். போய்த் திறந்தால்... அதிலும் அதே பக்கம் இல்லை. அந்த மனிதர் அழாத குறை.

கரையான் அரித்திருக்கும் என்றார்கள். எல்லா ஊர்க் கரையானும் கூட்டம் போட்டுப் பேசி, ஒரே பக்கத்தையா தின்னும்?

"நீங்களே ஒரு முடிவு எழுதிடுங்க அக்கா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் செல்வம்.

எனக்கு வந்ததே கோபம். அடுத்தவர் கொதிக்க வைத்த குழம்பில் நான் எதற்கு உப்புப் போட வேண்டும்?

"அப்போ நீங்கதான் திண்டிவனம் போயி அவரு பொண்ணைப் பார்க்கணும். நான் அனுமதி கேட்டப்போ உடனே கையெழுத்து போட்டாங்க. கடைசிப் பக்கம்னு வாயைத் திறந்தேன், 'தெரியாதுப்பா'ன்னுட்டு உள்ள போயிட்டாங்க. விழாவுக்கு அழைப்பிதழ் அடிச்சாச்சு. புக்குதான் அடிக்கல" என்றார்.

நம்மாளு அதற்குள் கார் சாவியோடு வாசலில் நின்றார். மாப்பிள்ளை கவலை அவருக்கு.

கோதண்டத்தின் மகள் பெயர் அம்சவல்லி. எழுபதைத் தாண்டியவர். மூக்குத்தி மின்ன, முதுகு வளையாமல் நடக்கிறார். கணவர் தாண்டவராயன், திருவெண்ணெய்நல்லூர்க் கரும்பு விவசாயி. நிலத்தை மகன் பார்த்துக்கொள்ள, இருவரும் இப்போது திண்டிவனத்தில் கோதண்டம் கட்டிய வீட்டிலேயே இருக்கிறார்கள்.

திருவெண்ணெய்நல்லூர் என்றதும் என் மூளையில் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. முன்னுரை எழுதுகிறவர்களுக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்யும் போலிருக்கிறது.

அம்சவல்லி என்னை வரவேற்றார். ஆனால் அவர் கண் என்னைத் தாண்டி நம்மாளு மேல் போய் நின்றது.

"நீதானா தம்பி அது? வாரா வாரம் படிக்கிறேன். ஐயோ பாவம்... உக்காருப்பா, உக்காரு."

நம்மாளு முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருடத்தில் அவருக்காகப் பரிதாபப்பட்ட முதல் வாசகி. நன்றியோடு உட்கார்ந்தார்.

"இவங்க எழுதறதெல்லாம் நெசமா தம்பி?"

"பாதிங்க."

"எந்தப் பாதி?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கினு இருக்கேன்" என்றார் இந்த மனிதர். விழுப்புரத்தில் நன்றாகத்தான் பேசுவார். பரிதாபப்பட ஆள் கிடைத்ததும் பேச்சே மாறிவிட்டது.

நான் தாண்டவராயனிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "ஐயா, அந்தக் கடைசிக் கதை எப்படி முடியும்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அவர் சமையற்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவித்த மல்லாட்டைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்க. நம்ம நெலத்து மல்லாட்டைதான். கதையெல்லாம் எனக்கு எங்க ஞாபகம்?" என்றார். உள்ளே ஒரு பாத்திரம் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு வைக்கப்பட்டது.

இதற்கு மேல் கூடத்தில் உட்கார்ந்து பயன் இல்லை. எழுந்து சமையற்கட்டுக்குப் போனேன்.

"அம்மா, அந்தப் பக்கம்..."

அம்சவல்லி அடுப்பை அணைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "கிழிச்சது நாந்தான்" என்றார்.

"எல்லாத்தையுமா?"

"கண்ணுல பட்டது எல்லாத்தையும். லைப்ரரில சத்தம் கேக்கும் பாரு... அதனால பலமா இருமுவேன். இருமற சத்தத்துல ஒரே இழு. ஒருவாட்டி அந்த லைப்ரரிகாரரு பயந்துபோயி தண்ணி கொணாந்து குடுத்தாரு. வாங்கிக் குடிச்சிட்டு வந்தேன்."

"மேல்சித்தாமூர் வாத்தியார் வீட்டில்?"

"அவரு சம்சாரம் எனக்குத் தோழி. காபி போட உள்ள போனாங்க. அங்கயும் இருமல்தான்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு மணி அடித்தது.

"அம்மா... அந்தக் கதையில் வர்ற பொண்ணு...?"

"வேற யாரு? எங்க நைனாக்கு வேற ஆளு கெடைக்கலியா? வீட்டுக்கு விருந்தாளி வந்தா, 'என்னைப் பத்தி எழுதிட மாட்டியே கோதண்டம்?'னு கேட்டுக்கினுதான் செருப்பைக் கழட்டுவாங்க. எங்கம்மா அவரு முன்னாடி தடுக்கி விழறதுக்குக்கூட பயப்படும். அவரு மட்டும் சிரிக்கவே மாட்டாரு, தெரியுமா? எழவு வீட்டுக்குப் போற மூஞ்சி. அந்த மூஞ்சிய வெச்சிக்கினுதான் ஊரையே சிரிக்க வெச்சாரு."

சொல்லும்போது கோபமும் பெருமையும் ஒன்றாகவே வந்தன. எது எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

"சரி, கதை எப்படி முடியுது?"

பிடித்த வரிகள் நமக்கு மறந்துபோகும். பிடிக்காதவை நெஞ்சில் ஆணி அடித்தது மாதிரி உட்கார்ந்துவிடும் இல்லையா? அம்சவல்லி சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். அதை அப்படியே தருகிறேன்.

"மாப்பிள்ளை இரண்டாவது கவளத்தை விழுங்குவதற்குள் அவள் கூடத்துக்கு ஓடினாள். 'மாப்பிள்ளை கை நனைச்சிட்டாரு!' என்று அவள் போட்ட கூச்சலில் மழையே ஒரு நிமிடம் நின்று கேட்டது. தாய்மாமன் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது. அதை எடுத்துக் கட்டிக்கொள்வதற்குப் பதிலாக, உதறி மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்து, 'சரி... இலையைப் போடுங்க' என்றார்."

எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. அடக்கினேன். அடக்கியதில் புரை ஏறியது.

"சிரி, சிரி. ஊரே சிரிச்சதுதானே" என்றார் அம்சவல்லி. "ஆனா நான் கத்தவே இல்லம்மா."

என்ன நடந்தது என்று சொன்னார். அன்றைக்குச் சமையற்கட்டு வாசலில் வந்து நின்ற தாண்டவராயனுக்குப் பசியில் கை நடுங்கியதாம். பார்க்கப் பாவமாக இருந்ததாம். ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டுக் கொடுத்திருக்கிறார். "ஜல்தியா துன்னுட்டு, கையைக் கழுவித் துடைச்சிக்கினு போயிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றும் சொல்லியிருக்கிறார்.

"இவரு துன்னாரு. கழுவல. துடைக்கல. குழம்புக் கையோட நேரா கூடத்துக்குப் போயி, அவங்க மாமா மூஞ்சிக்கு நேரா கையைத் தூக்கிக் காட்டி, 'மாமா, நான் கை நனைச்சிட்டேன்'னாரு. அதைச் சொன்னது இவரு. நைனா அதைத் தூக்கி என் வாயில வெச்சிட்டாரு!"

"ஏன்?"

"கேட்டேனே. 'பொண்ணு கத்தினாத்தான் சிரிப்பு வருது அம்சா'ன்னாரு."

அவர் கதைக்குச் சிரிப்பு வந்தது. மகளுக்கு என்ன வந்தது? அந்தத் தாய்மாமனுக்கு ஒரு மகள் இருந்தாள், செங்கேணி. தாண்டவராயனுக்கு முறைப்பெண். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவளுக்குத்தான் இவர் என்று பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையே கையைத் தூக்கினான் என்றால் மாமாவின் மானம் போகும். திண்டிவனத்துக்காரி குழம்பு ஊற்றிக் கூச்சல் போட்டு வளைத்துவிட்டாள் என்றால் மானம் தப்பிக்கும். மாமா ஊருக்குப் போய் அப்படித்தான் சொன்னார். கோதண்டம் அதையே அச்சடித்தும் கொடுத்துவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா?

"கல்யாணம் ஆயி அவங்க ஊருக்குப் போறேன். எந்த விசேஷத்துல நான் பரிமாற கரண்டியைத் தூக்கினாலும், 'அம்சா போடறா, பார்த்துக் கையை நனைங்கடா'ன்னு ஒருத்தன் சொல்லுவான். பந்தியே சிரிக்கும். இன்னிக்கு வரைக்கும் சொல்றாங்க. அம்பது வருஷமா நான் அந்த ஊரு பந்தியில கரண்டி தொடறதில்ல. அந்தச் செங்கேணி என் மூஞ்சியைப் பார்த்துப் பேசினதில்ல."

ஒரு நல்ல நகைச்சுவை வரிக்கு இவ்வளவு வாடகையா? அதுவும் எழுதியவர் கொடுக்கவில்லை, வீட்டில் இருந்தவர் கொடுத்திருக்கிறார்.

"முதல் புக்கைக் கிழிச்சது அவரு எதிருலேயே. கிழிச்சு அடுப்புல போட்டேன். நைனா அந்தப் பேனாவை மூடி வெச்சாரு. அதுக்கப்புறம் சாவற வரைக்கும் எழுதவே இல்ல. நான் ஒரு பக்கம்தாம்மா கிழிச்சேன். அவரு மொத்தமா நிறுத்திட்டாரு..."

சொல்லிவிட்டு, அணைந்திருந்த அடுப்பை மறுபடி அணைத்தார்.

அப்புறம் நிமிர்ந்தார். "நைனா புக்கு மூளியா வரக் கூடாது. நான் சொன்னபடியே போடச் சொல்லு. அவரு எழுதினதுல ஒரு எழுத்து மாத்த வேணாம். கதை அவரோடது. ஆனா..."

"ஆனா?"

"நடந்ததை இவரு சொல்லணும். மேடையில, மைக்குல, எல்லா சொந்தக்காரனும் உக்காந்திருக்கும்போது சொல்லணும். சொல்றேன்னு இவரு ஒத்துக்கினா புக்கு. இல்லன்னா மறுபடியும் எனக்கு இருமல் வரும்."

கூடத்துக்கு வந்து தாண்டவராயனிடம் விஷயத்தைச் சொன்னேன். மல்லாட்டையை உரிப்பதை நிறுத்திவிட்டார்.

"இத்தனை வருஷமா ஏன் ஐயா சொல்லலை?"

"மாமா உசுரோட இருக்கிற வரைக்கும், அவரு மூஞ்சிக்கு நேரா எப்பிடிங்க சொல்றது? அவரு போனப்புறம், போன மனுஷனைப் பத்தி எப்பிடிங்க சொல்றது?"

அடடா! இப்படி ஒரு கணக்குப் போட்டால் எந்த உண்மையையும் எந்தக் காலத்திலும் சொல்ல வேண்டியதே இல்லை. நம்மாளு இதை ஆமோதித்துத் தலையாட்டினார். நான் முறைத்ததும் ஆட்டுவதை நிறுத்தினார்.

"பேஜாரா போச்சே..." என்று முனகிவிட்டு, "சரி, சொல்றேன்" என்றார் தாண்டவராயன். குரலில் உறுதி சுத்தமாக இல்லை.

விழுப்புரம் திரும்பும்போது கார் ஓட்டிக்கொண்டிருந்த நம்மாளு திடீரென்று இருமினார்.

"என்ன, சளியா?"

"இல்ல, லைப்ரரி இருமல் எப்படி இருக்கும்னு பார்த்தேன்" என்றார்.

புத்தகம் அச்சாகி வந்தது. விழா நாளும் வந்தது. திருவெண்ணெய்நல்லூரிலிருந்து பஸ் ஏறி ஒரு பட்டாளமே வந்து இறங்கியது. நடுவில் தடித்த ஜரிகைப் புடவையில் ஒரு அம்மாள். அம்சவல்லி என் விரலை அழுத்திப் பிடித்து, "அவதான் செங்கேணி" என்றார். செங்கேணி நேராகப் போய், அம்சவல்லி உட்கார்ந்திருந்த வரிசைக்கு எதிர்ப் பக்க வரிசையில் உட்கார்ந்தார்.

நான் பேசினேன். செல்வம் பேசினார். மனைவிக்குச் சமர்ப்பணம் செய்தார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'பஸ் வரும் வரை' கதையை ஒருவர் வாசித்தார். கடைசிப் பக்கம் வந்தபோது மண்டபம் குலுங்கியது. திருவெண்ணெய்நல்லூர்ப் பட்டாளத்திலிருந்து, "பார்த்துக் கையை நனைங்கப்பா!" என்று ஒரு குரல்கூட வந்தது. அம்சவல்லி மடியில் இருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாண்டவராயனைக் கூப்பிட்டார்கள்.

மைக்கைப் பிடித்தார். வேட்டியைச் சரி செய்தார். "எங்க மாமனாரு நல்ல மனுஷன். நல்லா எழுதுவாரு. எல்லாருக்கும் வணக்கம்" என்றார். போய் உட்கார்ந்துவிட்டார்!

கைதட்டல். எனக்கு அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அம்சவல்லி புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து, வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

தாண்டவராயன் அதைப் பார்த்தார்.

மறுபடி எழுந்தார். மைக் பக்கம் போகவில்லை. மேடை மேஜையில் விருந்தினருக்கு வைத்திருந்த தண்ணீர் ஜக்குக்குள் வலது கையை விட்டார். மணிக்கட்டு வரைக்கும் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"நாந்தான்!" மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. "கத்தினது அவ இல்ல. அவ கையைத் துடைச்சிக்கினு போயிடுன்னுதான் சொன்னா. நாந்தான் துடைக்கல. எனக்கு அவளைப் புடிச்சிருந்திச்சு. மாமா மூஞ்சிக்கு நேரா நாந்தான் கையைத் தூக்கினேன். இப்பிடித்தான் தூக்கினேன்!"

அம்சவல்லி வாசலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். திரும்பவில்லை. ஆனால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்கும் கண் கலங்கியது. நம்மாளு தன் கைக்குட்டையை எனக்குக் கொடுக்காமல் தானே உபயோகித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து எல்லாரும் பார்த்தது செங்கேணியை. பின்னே? இத்தனை வருடம் யாரோ பறித்துக்கொண்டாள் என்று நினைத்தது போக, அவனே வேண்டாம் என்றான் என்று ஊர் நடுவில் தெரிந்தால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும்?

செங்கேணி எழுந்தார். மேடையைப் பார்த்தார்.

"ஏன்யா, இதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாது? நான் இத்தினி வருஷமா பாவம் அவ மேல கோவமா இருந்தேனே! உன் மேல இருந்திருப்பேன்!"

கோதண்டத்தின் கதைக்கு வந்ததைவிடப் பெரிய சிரிப்பு இதற்குத்தான் வந்தது. தாண்டவராயன் தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் நின்றார். புத்தகத்தில் இருக்கும் வரியைவிட நடந்த வரி நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கோதண்டம் இருந்திருந்தால் அவரும் ஒப்புக்கொண்டிருப்பார். அந்த எழவு வீட்டு முகத்தோடு.

பந்தி போட்டார்கள். செல்வம் ஏற்பாடு செய்திருந்தது சாதாரணச் சாம்பார் சாப்பாடுதான். திருவெண்ணெய்நல்லூர்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பரிமாற வந்த ஆளைச் செங்கேணி கையைக் காட்டி நிறுத்தினார். "அம்சா எங்க? அவளைக் கூப்பிடு."

அம்சவல்லி வந்து நின்றார். சாம்பார் வாளியை வாங்கினார். பழைய கிண்டலை எடுத்துவிட வரிசையில் ஒரு ஆள் வாயைத் திறந்தான். பக்கத்திலிருந்தவர் தொடையில் ஒன்று வைத்தார். வாய் மூடிக்கொண்டது.

செங்கேணி இலையில் சோற்றைக் குழித்து வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"சாம்பாரு தானா? இதுக்கா பஸ் ஏறி வந்தேன்? போடு, போடு. ஆனா கருவாட்டுக் கொழம்பு ஒரு நாளைக்கு வெக்கணும் நீ. அப்பிடி இன்னாதான் அதுல இருக்குதுன்னு நானும் துன்னு பார்க்கிறேன்."

அம்சவல்லி சிரித்தார். நான் அவரைப் பார்த்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அந்த வரிசை முழுக்க ஊற்றி, திரும்பி வந்து, செங்கேணி இலையில் இரண்டாம் முறையும் ஊற்றினார்.

ஆக, மாப்பிள்ளை கை நனைத்தார். வாசகர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. வாரா வாரம் சிரிக்க வைக்கிறேன் என்று நானும் வீட்டில் இருக்கிற ஒரு மனிதரைத்தான் தராசில் தூக்கி வைக்கிறேன். அவர் வாயில் எத்தனை வரி அவருடையது, எத்தனை வரி நான் வைத்தது? சத்தியமாக எனக்கே குழப்பமாக இருக்கிறது. அதனால் இந்த வாரம் ஒரு புது ஏற்பாடு. நான் இன்னமும் பேனாவால் தாளில் எழுதுகிறவள். எழுதி முடித்ததும் எல்லாத் தாள்களையும் முதலில் நம்மாளிடம் கொடுத்து, "படிச்சுப் பார்த்துட்டுத் தப்பு இருந்தா சொல்லுங்க" என்றேன். பக்கத்து அறைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

இதற்குக் கீழே அவரைப் பற்றி இன்னும் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன்... உள்ளேயிருந்து பலமாக ஒரு இருமல் கேட்டது.